இடிப்பவர் காரணம் சொல்லட்டும்

(கட்டடக்கலை மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லண்டனின் கிழக்கே, பழைய கப்பல்துறைகளை ஒட்டி, பாப்லர் என்றொரு பகுதி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உழைக்கும் மக்கள் வாழ்ந்த இடம். அங்கே சில நிமிட நடைத் தூரத்தில் இரண்டு குடியிருப்புகள் நின்றன. ஒன்று, எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்து 1967இல் முடித்த பால்ஃப்ரன் டவர். மற்றொன்று, அலிசன் ஸ்மித்சனும் அவர் கணவர் பீட்டர் ஸ்மித்சனும் வடிவமைத்து 1972இல் முடித்த ராபின் ஹூட் கார்டன்ஸ். இரண்டிலும் அரசுக்கு வாடகை கட்டிய எளிய குடும்பங்கள் இருந்தன. இரண்டும் பூச்சில்லாத கான்கிரீட். இரண்டையும் அசிங்கம் என்று சொன்னவர்கள் ஏராளம்.

பால்ஃப்ரன் 1996இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் இன்றும் நிற்கிறது. ராபின் ஹூட் கார்டன்ஸைச் சேர்க்க வேண்டும் என்று 2008இல் உலகின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டுக் கேட்டார்கள், அரசு மறுத்தது. 2017இல் இடிப்பு தொடங்கியது. இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது கட்டடங்களின் கதை. மனிதர்களுக்கு என்ன ஆயிற்று? பால்ஃப்ரனைப் பழுதுபார்க்கிறோம் என்று சொல்லி வாடகைதாரர்களை வெளியேற்றினார்கள். பழுதுபார்த்த வீடுகள் தனியார் சந்தைக்குப் போயின. வெளியேறிய குடும்பங்கள் திரும்பி வரவில்லை. இடிக்கப்பட்ட ராபின் ஹூட் கார்டன்ஸ் இருந்த இடத்திலும் அதைச் சுற்றிலுமோ 1,500க்கும் மேற்பட்ட புதிய வீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி குறைந்த வாடகைக்கு. பழைய குடியிருப்பினர் சிலருக்கு அங்கே வீடு கிடைத்தது. காப்பாற்றப்பட்ட கட்டடத்தில் பழைய வாடகைக் குடும்பங்கள் இல்லை. இடிக்கப்பட்ட இடத்தில் சிலராவது இருக்கிறார்கள்.

பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவன் நான். இன்றும் அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் பாப்லரை மறைத்துவிட்டுப் பேசினால் அது நேர்மையாகாது. சுவரைக் காத்து, அதற்குள் வாழ்ந்தவர்களைக் கைவிடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாப்லரில் பார்த்த அந்தப் பூச்சில்லாத கான்கிரீட் பாணியை ப்ரூட்டலிசம் என்கிறார்கள். அது பிறந்த சூழலைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோருக்கு வீடில்லை. எஃகுக்குப் பெரும் தட்டுப்பாடு. பிரான்சின் மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஒரே கட்டடத்துக்குள் 337 வீடுகளைக் கட்டினார். எஃகுச் சட்டகத்தில் எழுப்ப நினைத்தது, எஃகு கிடைக்காததால் கான்கிரீட்டுக்கு மாறியது. 1952இல் வேலை முடிந்தபோது சென்ட்ரிங் பலகைகளின் மரவரிகள் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருந்தன. பூசி மறைக்காமல் அவற்றையே கட்டடத்தின் முகமாக விட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் அதைப் பைத்தியக்காரன் வீடு என்றார்கள். 2016இல் யுனெஸ்கோ அதே வீட்டை, அவரே வடிவமைத்த நம் சண்டிகர் கேப்பிட்டல் வளாகத்தோடு சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் இந்தப் பாணியில் எழுந்தவை எவை என்று பாருங்கள். வீடற்றோருக்கு வீடுகள், பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள். பொதுப்பணத்தில், பொதுமக்களுக்காக, ஒளிவுமறைவின்றிக் கட்டப்பட்டவை. தூணும் உத்தரமும் எங்கே சுமையைத் தாங்குகின்றன என்று வெளியிலிருந்தே தெரியும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அவற்றுள் பல எனக்கு அழகாகவும் தெரிகின்றன.

பிடிக்காதவர்களின் குரலையும் கேட்க வேண்டும். அவர்களுக்கு ரசனை போதாது என்று சொல்லி ஒதுக்குவது எங்கள் துறையின் கெட்ட பழக்கம். மான்செஸ்டரில் ஹ்யூம் கிரெசென்ட்ஸ் என்ற மாபெரும் குடியிருப்பு 1972இல் முடிந்தது. பிறைவடிவில் நான்கு நீண்ட கட்டடங்கள். ஆலையில் வார்த்த பலகைகளை அவசர அவசரமாகப் பொருத்திக் கட்டியது. சுவரெல்லாம் ஓதம், வீடெல்லாம் கரப்பான்பூச்சி. எண்ணெய் விலை ஏறியதும், தரைக்கடியில் வைத்த வெப்பமூட்டியை இயக்கக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1974இல் ஒரு குழந்தை மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வாழத் தகுந்த இடம் இது இல்லை என்று நகராட்சியே ஒப்புக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் இடித்தார்கள். அந்த இடிப்பை நான் குறை சொல்லமாட்டேன். அடிப்படையே பழுது, திருத்தும் வழியும் இல்லை, வாழ்ந்தவர்களும் போதும் என்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புகைப்படக்காரரின் ரசனைக்கு இடமில்லை.

ஆனால் எத்தனை கட்டடங்கள் உண்மையிலேயே அந்த நிலையில் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தெரிய, கான்கிரீட் எப்படிச் சாகிறது என்று தெரிய வேண்டும்.

புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் போகப்போகக் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி, காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பியைத் தொட்டதும், ஈரமும் சேர்ந்துகொள்ள, கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அப்போதுதான் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கம்பிக்கு மேல் கவசமாக எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் விட்டார்கள், நீர் விட்டு எத்தனை நாள் ஆற்றினார்கள், மழைநீர் வடிய வழி வைத்தார்களா, அந்த வழியை யாராவது சுத்தம் செய்தார்களா: கட்டடத்தின் ஆயுள் இவற்றில்தான் இருக்கிறது. பழுது வந்தாலும் மருந்து உண்டு. சொத்தைப் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைப்பதைப் போல, பெயர்ந்த இடத்தை வெட்டியெடுத்து, கம்பியைத் துடைத்துக் காப்புப் பூசி, பழைய நிறத்துக்கு ஒத்த கலவையால் மூட வேண்டும். செலவு பிடிக்கும், பொறுமையும் வேண்டும். ஆனாலும் செய்யக்கூடிய வேலைதான்.

கடற்காற்றில் கான்கிரீட் நிற்குமா என்று கேட்பவர்கள் புதுச்சேரிக்குப் போய்ப் பார்க்கலாம். அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதி அங்கே இருக்கிறது. 1930களின் இறுதியில் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாம்மரும் களத்தில் நின்று கட்டினார்கள். அது ப்ரூட்டலிசம் என்ற பெயருக்கும் முந்தியது. ஆனால் பொருள் அதே பூச்சில்லாத கான்கிரீட். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் பலகைச் சட்டங்கள் சுவர்முழுக்க. எண்பது ஆண்டுகளாகக் கடற்கரை ஊரில் பொலிவு குன்றாமல் நிற்கிறது. அங்கே வாழ்பவர்கள் அன்றாடம் துடைத்துப் பராமரிக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டிய அன்றே பராமரிப்புக்கும் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருந்தது.

மற்ற இடங்களில் அது வகுக்கப்படவில்லை. மேற்கு லண்டனில் அதே கோல்ட்ஃபிங்கர் கட்டிய ட்ரெல்லிக் டவர் 1972இல் திறக்கப்பட்டது. 31 மாடி. வாயிலில் காவல் இல்லை. லிஃப்ட் அடிக்கடி நின்றது. மாடிப்படிகளில் குற்றங்கள் நடந்தன. பத்திரிகைகள் அதைப் பயங்கரக் கோபுரம் என்று எழுதின. 1980களின் நடுவில் குடியிருப்போர் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். வாயிற்காவலர் வேண்டும், உள்ளே வருபவரை விசாரித்துத் திறக்கும் கதவு வேண்டும், லிஃப்ட் சரியாக ஓட வேண்டும் என்று போராடிப் பெற்றார்கள். கான்கிரீட் மாறவில்லை, சாம்பல் நிறம் மாறவில்லை. ஆனால் மக்கள் விரும்பி வந்து வாழும் இடமாக அது மாறிற்று. இன்றும் அங்கே பெரும்பாலும் அரசு வாடகைக் குடும்பங்கள்தான். ஒரே கலைஞர் கட்டிய பால்ஃப்ரனையும் ட்ரெல்லிக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதை வல்லுநர்களும் பட்டியலும் காத்தன. இரண்டாவதும் பட்டியலில் உண்டு; ஆனால் அதற்கு முன்பே வாழ்ந்தவர்கள் அதை மீட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் இருக்கும் பார்க் ஹில் குடியிருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குன்று. அங்கே நெருக்கமும் வறுமையுமாக இருந்த பழைய குடியிருப்புகளை அகற்றிவிட்டு, ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்ற இரு இளம் கலைஞர்கள் 1957க்கும் 1961க்கும் இடையே 995 வீடுகளை எழுப்பினார்கள். மேல்தளங்களில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடைபாதைகள். பால்வண்டி ஒன்று வீட்டு வாசல்வரை வந்து போகலாம். குன்று சரிவதால் கட்டடம் மேட்டில் நான்கு மாடி, பள்ளத்தில் பதின்மூன்று மாடி. கூரை மட்டும் எங்கும் ஒரே மட்டம். அதனால் பெரும்பாலான நடைபாதைகள் ஏதோ ஒரு முனையில் தரையைத் தொட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பழைய தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களைப் புதிய கட்டடத்திலும் பக்கத்துப் பக்கத்தில் குடியேற்றினார்கள். இடிந்துபோன தெருக்களின் பெயர்களையே மாடி நடைபாதைகளுக்கு வைத்தார்கள். குடும்பங்கள் பழகிக்கொள்ள உதவ, ஒரு சமூகப் பணியாளர் அங்கேயே வீடெடுத்துத் தங்கினார். முதல் இருபது ஆண்டுகள் நன்றாகவே போயின.

1980களில் ஷெஃபீல்டின் எஃகு ஆலைகள் பல மூடப்பட்டன. வேலை போயிற்று. நகராட்சியிடம் பராமரிப்புக்குப் பணமில்லை. வசதி உள்ளவர்கள் வெளியேற, வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள். ஊர் முழுவதற்கும் வந்த சரிவின் பழியைக் குன்றின்மேல் நின்ற ஒரு கட்டடம் சுமந்தது. 1998இல் பார்க் ஹில் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது ஊரில் எதிர்ப்பு பலமாக இருந்தது. பிறகு ஒரு தனியார் நிறுவனம் மீட்டெடுக்கும் பொறுப்பை ஏற்றது. கான்கிரீட் சட்டகத்தை மட்டும் நிறுத்திவைத்து, பழுதுபார்த்து, இடையில் இருந்த செங்கல் சுவர்களுக்குப் பதிலாகப் பளிச்சென்ற நிறங்களில் அலுமினியப் பலகைகளைப் பொருத்தினார்கள். 2013இல் பிரிட்டனின் ஸ்டர்லிங் கட்டடக்கலைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. அங்கே மூன்று காலகட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய ஓர் இசை நாடகம் 2023இல் பிரிட்டனின் ஒலிவியர் நாடக விருது பெற்றது. வெறுக்கப்பட்ட கட்டடம் ஊரின் பெருமையாயிற்று.

இதில் எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். 995 வீடுகளும் ஒருகாலத்தில் நகராட்சி வாடகை வீடுகள். இன்று அங்கே குறைந்த வாடகை வீடுகள் சிறுபான்மை. சட்டகம் தப்பித்தது நல்லது. அதை முதலில் எழுப்பிய நோக்கமும் தப்பித்திருக்க வேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற பகுதியில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய மூன்று நீண்ட அடுக்குமாடிகள், 530 வாடகை வீடுகள். ப்ரூட்டலிசத்தின் புகழ்பெற்ற சின்னங்கள் அல்ல, மிகச் சாதாரணமானவை. அவற்றின் தலைக்குமேலும் இடிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஆன் லக்கட்டோன், ஜான்-ஃபிலிப் வசால் ஆகிய கட்டடக் கலைஞர்கள் தங்கள் சகாக்களோடு என்ன செய்தார்கள்? கட்டடத்தை ஒட்டி வெளியே ஒரு புதிய சட்டகத்தை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் ஆழத்துக்குக் ஒளிபுகும் அடைப்புள்ள தாழ்வாரத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சிறிய ஜன்னல்கள் போய் முழு உயரக் கதவுகள் வந்தன. வீடு பெரிதாயிற்று, வெளிச்சம் வந்தது, குளிர்காலச் செலவு குறைந்தது. வேலை நடக்கும்போது யாரும் வீட்டைக் காலிசெய்யவில்லை. வேலை முடிந்தபின் வாடகை ஏறவில்லை. 2019இல் அதற்கு ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலை விருது. 2021இல் அந்த இருவருக்கும் பிரிட்ஸ்கர் கட்டடக்கலைப் பரிசு. நம் மாணவர்கள் வெறும் கட்டடப் படங்களைச் சேகரிப்பதை விட்டு, அந்தத் திட்டத்தின் கணக்கு வழக்குகளைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இடித்துவிட்டால் புதிதாய் நல்லது வரும் என்று நம்புகிறவர்களுக்காக இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். போர்ட்ஸ்மவுத்தில் ட்ரைகார்ன் என்ற அங்காடி வளாகம் 1966இல் திறக்கப்பட்டு, ஊராரின் வெறுப்புக்கு ஆளாகி, 2004இல் இடிக்கப்பட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடம் கார் நிறுத்தும் வெற்றுத் தரையாகக் கிடந்தது. கேட்ஸ்ஹெட்டில், ட்ரைகார்னை வடிவமைத்த அதே நிறுவனம் வரைந்த கார் நிறுத்தக் கட்டடம் 2010இல் இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் எழுந்த புதிய வளாகம், பிரிட்டனின் மோசமான புதுக் கட்டடத்துக்குத் தரும் பட்டத்தின் இறுதிப் பட்டியலில் 2014இல் இடம்பெற்றது. பிரெஸ்டன் ஊரோ வேறு வழியில் போனது. 1969இல் கட்டிய தன் பேருந்து நிலையத்தை இடிக்க 2012இல் நகராட்சி முடிவெடுத்தது. மக்கள் எதிர்த்தார்கள், 2013இல் பட்டியலில் சேர்ந்தது, பழுதுபார்த்து 2018இல் முடித்தார்கள். இன்றும் அது பேருந்து நிலையமாகவே ஓடுகிறது. மறுபயன்பாட்டில் இதுதான் உயர்ந்த வகை என்பேன்: எதற்காகக் கட்டினார்களோ அதற்கே பயன்படுவது.

சூழலியல் கணக்கும் இருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் சுட்டால்தான் சிமெண்ட். நிற்கும் கட்டடத்தின் கான்கிரீட்டில் அந்த நெருப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டது. இடித்தால் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு மீண்டும் சூளை மூட்டுகிறோம்.

இனி நம் தேசத்தின் தலைநகருக்கு வருகிறேன். இதைப் பேசும்போது எனக்கு இப்போதும் துக்கம் வருகிறது.

சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972இல் டெல்லி பிரகதி மைதானில் ஆசியா 72 என்ற பன்னாட்டு வணிகக் கண்காட்சி நடந்தது. அதற்காக ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்கிட்டு எழுந்தது ஹால் ஆஃப் நேஷன்ஸ். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. 70 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தை முக்கோணச் சட்டங்களின் பின்னல் ஒன்றே தாங்கி நின்றது. உலகின் மற்ற இடங்களில் இத்தகைய பின்னலை எஃகுக் குழாய்களில் செய்வார்கள். அன்றைய இந்தியாவுக்கு எஃகு கட்டுப்படியாகாது. ஆனால் உழைக்கும் கைகள் இருந்தன. அதனால் அந்தப் பின்னலை அந்த இடத்திலேயே கான்கிரீட்டில் வார்த்தார்கள். சித்தாள்கள் சட்டிசட்டியாகச் சுமந்து ஏற்றிய கான்கிரீட் அது. கான்கிரீட்டில் அந்த அளவுக்குப் பெரிய பின்னல் அதற்குமுன் உலகில் எங்கும் எழுந்ததில்லை. சட்டங்களின் ஆழமே வெயிலைத் தடுக்கும் ஜாலியாகவும் அமைந்தது. ஏழை நாடு ஒன்று தன் ஏழ்மையிலிருந்தே ஒரு புதிய பொறியியலைக் கண்டெடுத்த இடம் என்று நான் அதைச் சொல்வேன்.

2017 ஏப்ரல் 23ஆம் தேதி இரவில் தொடங்கி, விடிவதற்குள் அதை இடித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஹால் ஆஃப் இண்டஸ்ட்ரீஸ் கட்டடங்களும் போயின. கட்டடம் 60 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால்தான் பாரம்பரியம் என்று கருத முடியும் என்பது டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வைத்த வரம்பு. ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு வயது 45. நீதிமன்றத்தில் தடை கிடைக்கவில்லை. அங்கே பின்னர் எழுந்த பாரத் மண்டபத்தில் 2023இல் ஜி20 மாநாடு நடந்தது. புதிய மண்டபம் தேவையென்றால் கட்டியிருக்கலாம். பிரகதி மைதான் பரந்த வெளி. பழையதையும் சேர்த்துக்கொண்டு திட்டம் வரைய முடியாது என்று மக்கள்முன் யாரும் நிறுவிக் காட்டவில்லை.

இடிப்புக்குப் பிறகு ராஜ் ரேவால் நீதிமன்றம் போனார். தன் படைப்பைச் சிதைத்துவிட்டார்கள், அதை மீண்டும் கட்டித்தர வேண்டும் என்று கேட்டார். 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கட்டடத்தை உருக்குலைத்து மாற்றினால் கலைஞரின் பெயருக்குக் களங்கம் வரலாம்; முழுவதுமாக இடித்துவிட்டால் களங்கப்படப் பார்வைக்கு எதுவும் மிஞ்சவில்லை; நிலத்தின் உரிமையாளரை அது தடுக்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் மக்களுக்கு இடம் எங்கே? அந்த நிலத்தின் உரிமையாளர் அரசு. அரசின் சொத்து பொதுச்சொத்து. ஐந்து தலைமுறைக் கட்டடக்கலை மாணவர்கள் அண்ணாந்து பார்த்துப் படிக்க வேண்டிய ஒன்றை, யாரையும் கேட்காமல் ஓர் இரவில் இல்லாமல் ஆக்க முடிகிறது.

ஆகவே என் கோரிக்கை எளியது. பொதுக் கட்டடம் ஒன்றைக் காக்க வேண்டும் என்பவரிடம் ஏன் என்று கேட்கும் வழக்கம் மாற வேண்டும். இடிக்க விரும்புகிறவர் முதலில் காரணம் சொல்லட்டும். கான்கிரீட்டையும் கம்பியையும் சோதித்த பொறியாளரின் அறிக்கையை வெளியிடட்டும். பழுதுபார்க்க என்ன செலவு, இடித்துக் கட்ட என்ன செலவு, கடந்த இருபது ஆண்டுகளில் பராமரிப்புக்கு என்ன செலவழித்தார்கள் என்று காட்டட்டும். அங்கே வாழ்பவர்கள், வேலைசெய்பவர்கள் எங்கே போவார்கள், எந்த வாடகையில், எப்போது திரும்புவார்கள் என்பதை எழுத்தில் தரட்டும். காக்க வருபவரும் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். பால்ஃப்ரன் போன்ற பாதுகாப்பு நமக்கு வேண்டாம். எல்லா விடைகளும் வந்தபின்னும் இடிப்பதே சரி என்று தெரிந்தால், ஹ்யூமில் நடந்ததைப் போல, இடிக்கட்டும்.

அந்த 60 ஆண்டு வரம்பை 30 ஆண்டாகக் குறைக்க வேண்டும். பிரிட்டனில் பட்டியலில் சேர்ப்பதற்குப் பொதுவான அளவு 30 ஆண்டுதான். ஆபத்து நேர்ந்தால் அதற்கு முன்பும் சேர்க்கலாம். நம் நாட்டில் 1960களிலும் 70களிலும் பொதுப்பணத்தில் கட்டிய கல்லூரிகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் இப்போதுதான் அந்த ஆபத்தான வயதில் இருக்கின்றன: பழுது தெரியத் தொடங்கிவிட்டது, பாரம்பரியம் என்ற மதிப்பு இன்னும் வரவில்லை. ஹால் ஆஃப் நேஷன்ஸ் 60 வயதை எட்டியிருக்க வேண்டிய ஆண்டு 2032. அதற்குள் ஒவ்வொரு ஊரிலும் இப்படிப்பட்ட கட்டடங்களின் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும்: எந்த ஆண்டு, யார் வரைந்தது, எந்தப் பொறியாளர், மூல வரைபடம் எங்கே இருக்கிறது, இன்று யார் பயன்படுத்துகிறார்கள், எங்கெங்கே நீர் இறங்குகிறது. அளக்கவும் வரையவும் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கில் இத்தனை பேர் இருக்கிறீர்கள். உங்கள் கல்லூரிக் கட்டடத்திலிருந்தே தொடங்குங்கள்.